ஆறு மீட்டர்

மே 19, ஞாயிறு

காலையில் அவர் கண்ணாடி இல்லாமல் செய்தித்தாள் வாசித்தார். தலைப்புகளை அல்ல, வரி விளம்பரங்களை. முகத்துக்கு ஒரு சாண் முன்னால் தாளைப் பிடித்துக்கொண்டு, பணகுடிப் பக்கம் பத்து சென்ட் மனை விலைக்கு வருவதைச் சத்தமாக வாசித்தார்.

“பாத்தியா வடிவு? ஒங்கடைக் கண்ணாடியத் தூக்கிப் போட்டுட்டேன். எனக்கு வயசு திரும்புது.”

“எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துக்கிடுங்க.”

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒன்பது வருடமாக அவருக்கு வெள்ளெழுத்து. நாற்பத்திரண்டு வயதில் தாளைத் தள்ளித் தள்ளிப் பிடித்து, கை நீளம் போதாமல் ஆனபோது, நான்தான் சோதித்து முதல் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். அது தானாகச் சரியாகிற விஷயம் அல்ல. இட்லி ஊற்ற நேரமாகிவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

மே 22, புதன்

கண்ணாடிக் கடையில் இன்று ஒரு பெண் கேட்டாள். “மேடம், கிட்டப்பார்வைன்னா கிட்டத்துல தெரியாதா, தூரத்துல தெரியாதா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க.”

இருபது வருடமாக இதற்குப் பதில் சொல்கிறேன். கிட்டப்பார்வைக்காரருக்குக் கிட்டே தெரியும், தூரம் மங்கும். ஒளி விழித்திரையை எட்டுவதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. தூரப்பார்வையில் அது திரைக்குப் பின்னால் குவியப் பார்க்கிறது. முன்னதற்கு மைனஸ், பின்னதற்குப் பிளஸ். கல்லூரியில் இயற்பியல் படித்தபோது இதைப் படமாக வரைந்து பத்து மதிப்பெண் வாங்கினேன்.

அவள் போன பிறகு, கடையில் சேர்ந்த புதிதில் முதலாளி கிறிஸ்டோபர் சார் சொன்னது நினைவுக்கு வந்தது. “வயசானவங்க யாராவது, கண்ணாடி இல்லாமலே படிக்க முடியுதுன்னு சந்தோஷமா வந்தா, நீங்க சந்தோஷப்படாதீங்க வடிவு. பிளஸ்ல இருந்தவர் மைனஸ் பக்கம் நகர்ந்தா, கண்ணாடி எழுதாதீங்க. மொதல்ல ரத்தம் பாத்துட்டு வரச் சொல்லுங்க.”

அன்றிலிருந்து எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை இருந்தது.

மே 27, திங்கள்

குளியலறையில் எறும்பு. சின்னச் சிவப்பு எறும்பு, வரிசையாக. பொடி தூவினேன். சாயங்காலம் மறுபடியும் வந்திருந்தது. வெயில் காலத்தில் எறும்பு வருவது வழக்கம்தான்.

ஜூன் 1, சனி

காற்று பிடித்துவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப் போட்டால் கிளிப் போட்டாலும் நிற்பதில்லை. மேற்கே மலையடிவாரம் வரைக்கும் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகின்றன.

கல்யாணமான புதிதில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. மாடியில் நின்று, எந்தக் காற்றாலை சுற்றாமல் நிற்கிறது என்று அவர் சொல்வார். நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பேன். அவர் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. “டிரைவர் கண்ணு!” என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வார்.

இன்று துணி எடுக்க அவரும் வந்தார். “எது நிக்கி, சொல்லுங்க பாப்போம்” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். “எல்லாம் சுத்துது.”

வலது ஓரத்தில் மூன்று நின்றுகொண்டிருந்தன. பழுதாகி, இறக்கையைக் கழற்றி, வெறும் கம்பமாக நின்றன.

“ஆமா, எல்லாம் சுத்துது” என்றேன்.

ஜூன் 5, புதன்

பள்ளி திறப்பதற்கு முன் வேன், பஸ் ஓட்டுநர்களுக்கு வருடாவருடம் நடக்கும் கண் பரிசோதனை முகாம். பள்ளி மைதானத்தில் பந்தல். டாக்டர் படிவங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எழுத்து வாசிக்க வைப்பதும் அளவைக் குறிப்பதும் எங்கள் கடையின் பொறுப்பு, அதாவது என் பொறுப்பு. கடையிலிருந்து எழுத்து அட்டையைக் கழற்றிக்கொண்டு போயிருந்தேன். ஆறு மீட்டர் டேப் வைத்து அளந்து, சுண்ணாம்பால் கோடு போட்டேன். அட்டை பந்தல் காலில், ஓட்டுநர் கோட்டில், நான் அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு.

முப்பத்திநான்கு பேர். இவர் பத்தொன்பதாவது. கோட்டில் வந்து நின்றதும் மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். “பொன்னுலிங்கம் அண்ணனுக்கு என்னவே டெஸ்டு? பரீட்ச வைக்க வாத்திச்சியோட வீட்டுக்காரரு!” “பாஸ் போடலன்னா வீட்டுல அடுப்பெரியாது, மேடம்தான் பாவம்.”

இவர் கடகடவென்று வாசித்தார். கடைசி வரி வரைக்கும். 6/6, குறையில்லாத பார்வை என்று எழுதினேன்.

மைதானத்தில் காற்று அதிகம். இரண்டு தடவை அட்டை பறந்தது. குச்சியும் கையில் நிற்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

தலைவலி. கடைக்குப் போகவில்லை.

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. வேனைக் கழுவி, சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஏழு மணிக்குக் கிளம்பினார். இருபத்திரண்டு வருடம், ஒரே பள்ளி, ஒரு கீறல் கிடையாது. பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடும். வேன் ஓடும்போது போன் எடுக்க மாட்டார், நானே கூப்பிட்டாலும். அது அவர் தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

மேற்கே நான்கு ஊர்களில் பதினான்கு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நாலுவழிச் சாலையைக் குறுக்கே கடந்து, பள்ளிக்கு வர வேண்டும். இந்தக் காற்று மாதங்களில் அந்தச் சாலையில் காற்றாலை இறக்கை ஏற்றிய லாரிகள் போகும். தெரு நீளத்துக்கு இருக்கும் ஒவ்வொன்றும்.

எட்டரைக்குப் போன் செய்தார். வந்து சேர்ந்தாயிற்று. நான் கேட்காமலே சொன்னார்.

ஜூன் 23, ஞாயிறு

பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருக்கிறார். ஆணியைச் சூடாக்கிப் போட்டது. “மெலிஞ்சது நல்லதுதானே? டாக்டர் எல்லாரையும் மெலியத்தான சொல்லுதான்.”

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று கொண்டுபோனவர் இப்போது இரண்டு பாட்டில் கொண்டுபோகிறார்.

நான் மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். “ஏங்க, ஒருக்க ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வந்துருவமா?”

சாப்பிட்ட கையோடு எழுந்துவிட்டார். “எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சாங்க. ஒருக்க பாத்துருவம், ஒருக்க பாத்துருவம்னு. மொதல்ல வெரலு, பெறகு பாதம், பெறகு முட்டு வரைக்கும். அவன் பாக்காம இருந்திருந்தா காலோட செத்திருப்பான்.”

அவர் அண்ணன் பத்து வருடம் பார்க்காமல் இருந்ததால்தான் கால் போனது. அதைச் சொல்லவில்லை. ஓசூரிலிருந்து மகன் பேசினான். அப்பா நன்றாக இருக்கிறார், மெலிந்து அழகாகிவிட்டார் என்று சொன்னேன்.

ஜூலை 2, செவ்வாய்

வேனின் இடது பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. “மாடு” என்றார்.

மாடு என்ன நிறம் என்று கேட்டேன். எதற்காகக் கேட்டேன் என்று தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

ஜூலை 6, சனி

மெர்லின் கடைக்கு வந்தாள். மூன்றாம் வகுப்பு. இவர் வேனில் வருகிற பிள்ளை. போன வருடம் நான்தான் அவளுக்குச் சோதித்தேன், மைனஸ் மூன்றரை. முதன்முதலாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனவள், “அம்மா, மரத்துல எல தனித்தனியா இருக்கு!” என்று கத்தினாள். இன்று திருகு கழன்றுவிட்டது என்று அவள் அம்மா எஸ்தர் கூட்டிவந்திருந்தாள்.

திருகை முடுக்கும்போது சும்மா பேச்சுக் கொடுத்தேன். “வேன்ல எங்க உக்காருவ?”

“முன்சீட்டு. மாமா பக்கத்துல. எனக்கு மட்டுந்தான் அங்க எடம்.”

“ஏன், நீ என்ன பெரிய மகாராணியா?”

“நான்தான அத்த மாமாவுக்குச் சொல்லணும்! அது எங்க வெளையாட்டு. வெலக்கு வந்த ஒடனே மாமா ‘மெர்லினு, என்ன வருது?’ன்னு கேப்பாங்க. நான் லாரி வருது, பைக்கு வருது, ஒண்ணும் வரல, போலாம்னு சொல்லணும். தப்பாச் சொல்லிட்டா அவுட்டு. நான் இதுவரைக்கும் அவுட்டே ஆகல.”

எஸ்தர் சிரித்தாள். “அண்ணாச்சி பிள்ளைகள என்னமா வச்சிருக்காங்க பாருங்கக்கா! இவ காலைல எந்திரிக்கதே அந்த முன்சீட்டுக்காகத்தான்.”

திருகு கீழே விழுந்துவிட்டது. தேடி எடுக்க வெகுநேரம் ஆனது.

ஜூலை 7, ஞாயிறு

கேட்டுவிட்டேன். அவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

“எட்டு வயசுப் பிள்ளைய வச்சு ரோட்டக் கடக்கீங்களா?”

டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, “வெளையாட்டுக்குக் கேக்கேன். எனக்குத் தெரியாமலா?”

“எவ்வளவு தெரியுது?”

“நீதான சிக்ஸ் பை சிக்ஸுன்னு எழுதின?”

நான் அந்த டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

கடைசியில் அவரே இறங்கி வந்தார். “சரி. வார ஞாயித்துக்கெழம போவோம், ரத்தம் குடுக்கேன். வேற ஆள் இல்ல வடிவு. இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கிடுதேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவர் கை சூடாக, உலர்ந்து இருந்தது.

ஒரு வாரம்தானே.

ஜூலை 9, செவ்வாய்

எழுதக் கூடாத கண்ணாடியை எழுதினேன். மைனஸ் இரண்டு, கடையிலிருந்த லென்ஸிலேயே செய்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். “தல சுத்துது” என்று கழற்றினார். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் கூடவே ஏறி இறங்கும். காலையில் பொருந்துவது மதியத்துக்குப் பொருந்தாது. பாடத்தில் படித்ததுதான். கண்ணாடி இப்போது டி.வி. மேல் இருக்கிறது.

ஜூலை 12, வெள்ளி

கடை அடைக்கும் நேரத்துக்கு எஸ்தர் ஓடிவந்தாள். பள்ளியில் விளையாடும்போது பந்து பட்டு மெர்லினின் கண்ணாடி இரண்டாக உடைந்துவிட்டது. ஒரு லென்ஸ் கீறல். மைனஸ் மூன்றரை கடையில் இருப்பு இல்லை. திருநெல்வேலியிலிருந்து பஸ் பார்சலில் வர வேண்டும். திங்கள் சாயங்காலம் தருகிறேன் என்றேன்.

“ரெண்டு நாள் லீவுதானக்கா, பரவால்ல. திங்கக்கெழம ஒருநாள் கண்ணாடி இல்லாமப் போவட்டும். டீச்சர்ட்ட சொல்லி முன்பெஞ்சுல உக்கார வைக்கேன்.”

உடைந்ததை உறையில் போட்டு, மறந்துவிடக் கூடாதென்று கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆய்வகம் பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். அவர் எட்டு மணிக்கே வேனுக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று போய்விட்டார். ஒரு மணிக்குத்தான் வந்தார்.

“அடுத்த ஞாயிறு. சத்தியமா.”

நான் துணி துவைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

இதை முழுவதும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கே மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

ஏழு மணிக்கு அவர் கிளம்பினார். பாத்திரம் கழுவிக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, கடைச் சாவி இருக்கிறதா என்று கைப்பையைத் துழாவினேன். சாவிக்குப் பதில் உறை வந்தது. உள்ளே மெர்லினின் கண்ணாடி.

மணி ஏழு ஐம்பது.

அந்த வேனில் முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவருக்கு இரண்டாவது வரிக்கு மேல் தெரியாது. இன்னொருத்திக்குக் கண்ணாடி என் கையில் இருக்கிறது. தெரியாது என்று அவள் சொல்ல மாட்டாள். இதுவரைக்கும் அவுட்டே ஆகாத பிள்ளை.

போன் செய்தேன். அடித்து நின்றது. மறுபடி, மறுபடி. எடுக்க மாட்டார் என்று தெரிந்தேதான் அடித்தேன். பள்ளி அலுவலகத்தில் யாரும் வந்திருக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்தேன். காற்று என்னைத் தள்ளித் தள்ளிச் சாலை ஓரத்துக்குக் கொண்டுபோனது. விலக்கை நான் கடக்கும்போது இறக்கை லாரி ஒன்று போய்க்கொண்டிருந்தது. அது முடிகிற வரைக்கும் நின்றேன். முடியவே இல்லை.

விலக்கிலிருந்து மேற்கே அரை கிலோமீட்டர் நேர் ரோடு. அதில் கொஞ்ச தூரம் போய் வண்டியை ஓரத்தில் போட்டுவிட்டு, நடு ரோட்டில் நின்றேன். வானம் மூடியிருந்தது, கண் கூசும் வெயில் இல்லை, புழுதி இல்லை, மரம் இல்லை. நல்ல கண் உள்ள யாரும் வளைவிலேயே ஆளை அடையாளம் சொல்லிவிடலாம்.

வேன் வளைந்து வந்தது. இரண்டு கைகளையும் ஆட்டினேன். வேகம் குறையவில்லை.

சேலைத் தலைப்பை உயர்த்தி வீசினேன். குறையவில்லை.

ஓரமாக ஒதுங்கிக் கத்தியிருக்கலாம். ஏன் ஒதுங்கவில்லை என்று இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். ஒதுங்கினால், அவர் என்னைப் பார்த்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். இருபது வருடம் மற்றவர்களை அட்டைக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். இன்று நானே அட்டை. அவ்வளவுதான் மனதில் இருந்தது. பயம் பிறகுதான் வந்தது.

டயர் தேய்ந்த சத்தம். கண்ணைத் திறந்தபோது முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் இருந்தது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் அடையாளம் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த நேரத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன்.

அவருக்குப் பக்கத்தில் மெர்லின், கண்ணை இடுக்கிக்கொண்டு, மூக்கை முன்கண்ணாடியில் அழுத்திக்கொண்டு.

கதவைத் திறந்தேன். பின்னால் பிள்ளைகள் சிரித்தன. பிரேக் போட்டது அவர்களுக்கு வேடிக்கை.

“மஞ்சளா என்னமோ கெடக்குன்னு நெனச்சேன்” என்றார். “சாக்குன்னு. மெர்லினுட்ட கேட்டேன்.”

மெர்லின் என்னைப் பார்க்கவில்லை. “ஒண்ணுமில்ல, போலாம் மாமான்னு சொல்லிட்டேன் அத்த” என்றாள். பிறகு, மிகவும் சின்னக் குரலில், “நான் அவுட்டா?”

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். சாவியை நானே உருவினேன். பள்ளிக்கு மறுபடி போன் செய்தேன், கொஞ்ச நேரத்தில் வேறு வேன் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது.

வேன் நின்றபோது எனக்கும் அதற்கும் நடுவே இரண்டு எட்டு இருந்தது. ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 16, செவ்வாய்

சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி குத்தும்போது அவர் சுவரைப் பார்த்தார்.

முகாம் அன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அட்டை அவருக்குத் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, கடை பெஞ்சில் உட்கார்ந்து, பதினைந்து வருடமாக அதே அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மனப்பாடம். வாய்ப்பாடு சொல்வது மாதிரிச் சொன்னார். கடைசி வரியில் நான் வேண்டுமென்றே ஒரு எழுத்தைத் தாண்டி அடுத்த எழுத்தில் குச்சியை வைத்தேன். அவர் தாண்டின எழுத்தைச் சொன்னார்.

நான் குச்சியை அவர் சொன்ன எழுத்துக்கு நகர்த்தினேன்.

காற்று ஒன்றும் செய்யவில்லை.

ஜூலை 18, வியாழன்

கிறிஸ்டோபர் சாரிடமும் பள்ளித் தாளாளரிடமும் போய்ச் சொன்னேன். முகாம் டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். தாளாளர், “பதினாலு பிள்ளைங்கம்மா” என்றார். சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “இனிமே டெஸ்ட் ரூமுக்குள்ள போக வேண்டாம் வடிவு. ஃபிரேம் காட்டுங்க, போதும்.”

எஸ்தர் வீட்டுக்கும் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூலை 27, சனி

அவர் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடுகிறார், ஊசி போட்டுக்கொள்கிறார், காலி வேன் கொட்டகையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குளியலறையில் எறும்பு இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

காலையில் செய்தித்தாளை எடுத்தார். ஒரு சாண் தூரத்தில் பிடித்தார். கொஞ்சம் தள்ளினார். இன்னும் தள்ளினார். கை முழுவதும் நீண்டுவிட்டது.

“வடிவு, ஏங் கண்ணாடிய எங்க வச்ச?”

இருபத்தைந்து நாளில் முதல் வார்த்தை. பழைய பிளஸ் கண்ணாடியை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, வாசிக்காமல் அப்படியே இருந்தார்.

“அந்தப் பிள்ளைய இப்ப எந்த சீட்டுல வச்சிருக்காங்க?”

“பின்சீட்டுல.”

தலையை ஆட்டினார். தாளைப் புரட்டினார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மெர்லின் கடைக்கு வந்தாள். எஸ்தர் உள்ளே வரவில்லை, வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். மறுபடியும் திருகு. இவ்வளவு சீக்கிரம் கழலக் கூடாது. பிள்ளை கையால் தொட்டுத் தொட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் கழலும்.

“புது மாமா நல்லா ஓட்டுதாங்களா?”

“ம்.”

“அவங்க கேக்க மாட்டாங்கள்ல, என்ன வருதுன்னு?”

“கேக்க மாட்டாங்க.” கண்ணாடி இல்லாத முகத்தோடு என் பக்கம் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாளா, என் பின்னால் இருந்த சுவரையா என்று தெரியவில்லை. “பின்னால இருந்தா ஒண்ணும் தெரியாது அத்த. பெரிய அண்ணன்மாரு தல மறைக்கும். வெலக்கு வந்த ஒடனே நான் எந்திரிச்சு நின்னுருவேன். லாரி வருது, லாரி வரலன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிடுவேன்.”

“தெனமுமா?”

“நான் சொல்லலன்னா யாரு சொல்லுவா?”

திருகை இறுக்கினேன். இனிக் கழலாதபடி இறுக்கி, துடைத்து, அவள் காதில் மாட்டினேன். வாசலைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள், வலப்பக்கம், இடப்பக்கம். பிறகுதான் படியில் கால் வைத்தாள்.